வினவும் குழந்தை: மாய் மஸ்ரியின் ஷத்தீலா படங்களை முன்வைத்து

அகதிக் குழந்தைகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே நோக்கத்தைச் சொல்வார்கள்: வெறும் எண்ணிக்கையாகிவிட்டவர்களுக்கு முகம் கொடுப்பது. நோக்கம் நல்லது, ஆனால் அது போதுமா? நாடிழந்து, சட்டத்தின் காப்பையும் இழந்து, மனிதர் என்பதைத் தவிர வேறெந்த அடையாளமும் இல்லாமல் ஒருவர் நிற்கும்போதுதான் உலகம் அவரைக் கைவிடுகிறது என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1951இல் வெளிவந்த சர்வாதிகார ஆட்சிகள் பற்றிய நூலில் வாதிட்டார். அதை ஏற்றுக்கொண்டால், ஒரு சிறுமியின் மனிதத்தன்மையை மட்டும் எடுத்துக்காட்டும் படம் அவளிடம் எஞ்சியிருப்பதையே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அவள் இழந்தவை வேறு. ஊர், சட்டத்தில் ஓர் இடம், கேள்வி கேட்டுப் பதில் பெறும் தகுதி. இவற்றில் முதல் இரண்டையும் தர எந்தப் படத்தாலும் முடியாது. மூன்றாவதைத் தர முடியும் என்பதும், அதைத் தந்த படங்களே அகதிக் குழந்தையை முழு மனிதராக நம்முன் நிறுத்தியிருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தான்சானியாவில் தஞ்சமடைந்த ஹுட்டு அகதிகளிடையே கள ஆய்வு செய்த மானுடவியலாளர் லீசா மால்க்கி, 1996இல் எழுதிய கட்டுரையில் ஒன்றைக் கவனப்படுத்தினார். அகதிகள் தம் வரலாற்றை விரிவாகச் சொன்னபோது நிவாரண அதிகாரிகள் அதை மிகை என்று ஒதுக்கினார்கள். உடம்பில் இருந்த காயத்தை நம்பினார்கள். வாய் பேசாத அகதியே நம்பகமான அகதி. இந்த மனநிலைக்குக் குழந்தையைப் போல ஒத்துப்போகும் உருவம் வேறில்லை. குழந்தைக்குக் கட்சி இல்லை, கடந்த காலம் இல்லை, கோரிக்கை இல்லை என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். பெரிய கண்களின் அண்மைக் காட்சி இவ்வளவு சுலபமாக நிதி திரட்டித் தருவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மௌனத்தை உடைத்த ஒரு படத்துக்கு வருவோம். பெய்ரூத்தின் தென்பகுதியில் 1949இல் அமைக்கப்பட்டது ஷத்தீலா என்ற பாலஸ்தீன அகதி முகாம். 1982 செப்டம்பரில் அகதிகள் கொல்லப்பட்ட படுகொலையும், 1985இல் தொடங்கி முகாம்களை முற்றுகைக்குள்ளாக்கிய ‘முகாம் போரும்’ அதைச் சிதைத்தன. அங்கு வாழும் பாலஸ்தீனர்களுக்கு லெபனான் சட்டம் மருத்துவம், வழக்கறிஞர் பணி உள்ளிட்ட பல தொழில்களின் கதவை மூடிவைத்திருக்கிறது. நாப்லஸ் குடும்பத்தைச் சேர்ந்த பாலஸ்தீன இயக்குநர் மாய் மஸ்ரி, 'ஷத்தீலாவின் குழந்தைகள்' படத்தை 1998இல் இங்கேதான் எடுத்தார். முகாமில் வளரும் ஒரு சிறுவனிடமும் ஒரு சிறுமியிடமும் வீடியோ கேமராவைக் கொடுத்தார். அவர்கள் முகாமின் சந்துகளுக்குள் போய்ப் பெரியவர்களை மடக்கி, ஊரைவிட்டு வந்த கதையையும் கொலை நடந்த நாட்களையும் கேட்கிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் என்ன கனவு காண்கிறாய் என்கிறார்கள். அவர்கள் பதிவு செய்தவையும் மஸ்ரி பதிவு செய்தவையும் படத்தில் பின்னி வருகின்றன.

இதில் நடக்கும் இடமாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. அகதிக் குழந்தையின் வாழ்க்கையில் கேள்வி எப்போதும் ஒரே திசையிலிருந்து வருகிறது: பதிவு அலுவலர், ஆசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர், பிறகு ஆவணப்பட இயக்குநர். இங்கே அவள் கேட்கிறாள். பெரியவர் பதில் தேடித் திணறுகிறார். அந்தத் திணறலில் முகாமின் வரலாறு வெளிப்படுகிறது. பார்வையாளராகிய நாம் அவளைப் பார்த்து இரங்குவதை விட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறோம். இரக்கம் இங்கே இல்லாமல் போகவில்லை. ஆனால் அவளுடைய ஆர்வத்துக்குப் பின்னால்தான் அது வருகிறது.

ஜஸ்டின் ஷாபிரோ, பி. இசட். கோல்ட்பர்க், கார்லோஸ் பொலாடோ ஆகியோரின் 'வாக்குறுதிகள்' (2001) படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஜெருசலேமிலும் அதைச் சுற்றியும் வாழும் ஏழு இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, ஆஸ்கர் பரிந்துரை வரை சென்ற படம். கேட்பவர் கோல்ட்பர்க், குழந்தைகள் விடையளிப்பவர்கள். இஸ்ரேலிய இரட்டையர் இருவர் பெத்லகேமை ஒட்டிய தெஹைஷே முகாமுக்கு வருகிறார்கள். விளையாட்டும் சாப்பாடுமாக ஒரு நாள் கழிகிறது. அந்தக் காட்சியின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் படத்தின் கட்டமைப்பில், குழந்தைகள் சொல்லும் வரலாறு விளையாட்டால் கடக்கப்பட வேண்டிய தடையாகிவிடுகிறது. இறுதியில் வரும் பச்சிளம் குழந்தைகளின் காட்சி அதை உறுதி செய்கிறது: வரலாறு தீண்டாதவர்களிடமே நம்பிக்கை. ஆயினும் படத்தின் மிக வலுவான இடம் வேறு. முகாம் சிறுவன் அழுகிறான். கோல்ட்பர்க் போனதும் இந்த நட்பு மறந்துபோகும் என்பது அவன் அச்சம். விடை சொல்லிக்கொண்டிருந்த குழந்தை அந்தக் கணத்தில் படத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறான். அவனை அத்தனை நெருக்கமாக நாம் அறிவது அங்கேதான்.

மஸ்ரியின் அடுத்த படம் 'கனவுகளின், அச்சங்களின் எல்லைகள்', அதே 2001இல் வந்தது. ஷத்தீலாவில் ஒரு சிறுமி, தெஹைஷேயில் ஒரு சிறுமி; இருவரும் மின்னஞ்சல் வழியே பழகுகிறார்கள். 2000 மே மாதம் இஸ்ரேலியப் படை தென்லெபனானை விட்டு வெளியேறியதும், இரு முகாம்களின் பிள்ளைகளும் எல்லையின் முள்வேலிக்கு வந்து, கம்பிகளுக்கிடையே கைகளைப் பற்றிக்கொள்கிறார்கள். இவர்கள் மனிதர்கள் என்பதற்கு வெளியார் யாரும் சான்று தர வேண்டியதில்லை. அகதி அகதியிடம் பேசுகிறாள். உன் முகாம் எப்படி, நம் ஊர் எப்படி என்பவையே அவர்கள் பேச்சு. நாம் ஒட்டுக்கேட்பவர்கள், அந்த இடமே நமக்குத் தகும்.

தொழில்நுட்பம் வளர வளர, பார்ப்பவருக்கும் அகதிக் குழந்தைக்கும் இடையிலான உறவு தானாகச் சீர்படும் என்று நம்ப இடமில்லை. ஜோர்டானின் ஸாத்தாரி முகாமில் 12 வயதுச் சிரியச் சிறுமியைப் பின்தொடரும் 'சித்ராவின் மேல் மேகங்கள்' (2015), ஐக்கிய நாடுகள் அவைக்காகக் காபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் எடுத்த மெய்நிகர் படம். டாவோஸில் கூடிய தலைவர்களுக்குக் காட்டப்பட்டது. மில்க் இந்த ஊடகத்தைப் பரிவூட்டும் இயந்திரம் என்று போற்றினார். எல்லாத் திசைகளையும் ஒருசேரப் பதியும் கேமரா என்பதால் படமெடுப்பவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்ப்பவர் எங்கும் திரும்பலாம். ஆனால் அந்தச் சிறுமி திரும்பிக் கேள்வி கேட்க எதிரே ஒருவருமில்லை. அருகில் கொண்டுபோய் நிறுத்துவதும் உறவை உண்டாக்குவதும் ஒன்றல்ல.

இதற்கு நேர்மாறானது ஆப்கானிய இயக்குநர் ஹசன் ஃபாசிலியின் 'நள்ளிரவுப் பயணி' (2019). தாலிபான் மிரட்டலுக்குத் தப்பி, மனைவியோடும் இரு மகள்களோடும் ஐரோப்பாவுக்குப் போன பயணத்தை மூன்று கைபேசிகளில் எடுத்தார்கள். ஒரு நாள் இளைய மகள் காணாமல் போகிறாள். தேடும்போது, இதைப் படமாக்கினால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு ஒரு கணம் தனக்குள் எழுந்ததையும், அதற்காகத் தன்னையே வெறுத்ததையும் தந்தை சொல்கிறார். அப்போது திரையில் படமே இல்லை. இந்த வகைப் படங்களின் அறம் குறித்து இதைவிட ஆழமான விவாதத்தை நான் கண்டதில்லை.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு சொல்லலாம். ஒன்று, முகாம் பிள்ளைகள் பேசும் வரலாறு பெரியவர்கள் ஊட்டியது, மனப்பாடம். இருக்கலாம். ஆனால் எந்த நாட்டுப் பள்ளிப்பிள்ளை தன் நாட்டு வரலாற்றைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறது? கொடியும் கீதமும் உள்ள பிள்ளைக்குப் பாரம்பரியம் என்று கொடுப்பதை, அகதிப் பிள்ளைக்குப் பிரசாரம் என்று மறுக்க நமக்கு உரிமை ஏது? மேலும், மஸ்ரியின் குழந்தைகள் கேட்டதை ஒப்பிப்பதோடு நிற்கவில்லை. போய்க் கேட்கவும் செய்கிறார்கள்.

மற்றது கடினமானது. கேமராவைக் குழந்தை பிடித்தாலும், வெட்டி ஒட்டுபவர் இயக்குநர். எந்தக் கேள்வி படத்தில் நிற்கும், எது குப்பைக்குப் போகும் என்பது அவர் கையில். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குழந்தையின் கருத்து கேட்கப்படும் உரிமையை 12ஆம் பிரிவிலும், தனிமைக்கான உரிமையை 16ஆம் பிரிவிலும் வைக்கிறது. ஆவணப்படத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பதினோரு வயதில் தந்த சம்மதம் முப்பது வயதுக்காரரைக் கட்டுப்படுத்துமா? படத் தலைப்பிலேயே வரும் ஒரு பெயரைத் தவிர, இந்தப் பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதாததற்கும் அதுவே காரணம். இன்று அவர்கள் வளர்ந்தவர்கள். திரையில் பெயரோடு குரலும் முகமும் சேர்ந்து வரும், கட்டுரையிலோ பெயர் தனியே மாட்டிக்கொள்ளும். பதிவுகளின் ஒரு பிரதியை அவர்களிடமே ஒப்படைப்பதும், வயது வந்தபின் மறுபடி சம்மதம் கேட்பதும், வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்வதும் தயாரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நிதி தரும் அமைப்புகள் இந்தச் செலவையும் படச்செலவாகவே ஏற்க வேண்டும்.