ஆட்டத்தை எழுதி வைத்தவர்கள்



முதலியார் ஓலைகளைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், இனி அந்தக் கவலையே கிடையாதே, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குல்லா?"

நல்ல கேள்வி. ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, இன்னொருவர் படிக்கும்படி இருப்பது வேறு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டில் ஓலைகள் பத்திரமாகத்தான் இருந்தன. பழைய எழுத்தும், கொல்லம் ஆண்டுக் கணக்கும், பின்ன இலக்கமும் தெரிந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை போன்ற ஒருவர் கையில் எடுத்த பிறகுதான் அவை நாஞ்சில் நாட்டு வரலாறு ஆயின. கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். உங்கள் பிள்ளைகளில் பலர் செஸ் வகுப்புக்குப் போகிறார்கள். அதனால் செஸ்ஸை வைத்தே சொல்கிறேன்.

செஸ் ஆட்டத்தை எழுதி வைக்கும் வழக்கம் பழையது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதவில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். வெள்ளைக்காரருக்குக் 'கே4' என்றிருப்பது எதிரே இருக்கும் கறுப்புக்காரருக்குக் 'கே5'. இன்று நம் பிள்ளைகள் 'ஈ4' என்று எழுதும் முறையில் ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர்தான். சிரியாவின் அலெப்போவில் பிறந்த பிலிப் ஸ்டாமா 1737-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதன் மூல வடிவம் உண்டு. ஆனாலும் உலக செஸ் கூட்டமைப்பு இந்த ஒன்றை மட்டுமே ஏற்றுக்கொள்ள 1981 ஆகிவிட்டது.

அதன் பிறகும் ஒரு சிக்கல். குதிரைக்கு ஆங்கிலேயர் 'என்' போட்டால் ஜெர்மானியர் 'எஸ்' போடுவார்கள், பிரெஞ்சுக்காரர் 'சி' போடுவார்கள். 1966-இல் பெல்கிரேடிலிருந்து வரத் தொடங்கிய 'இன்ஃபர்மேட்டர்' தொகுப்புகள் எழுத்தை விட்டுவிட்டுக் காய்களின் படத்தையே அச்சிட்டன. கருத்துகளுக்கும் குறியீடுகளே. எந்த நாட்டுக்காரரும் படிக்கலாம்.

இது காகிதத்தில் தீர்ந்தது. 1980-களில் கம்ப்யூட்டர் வந்ததும் பழைய குழப்பம் திரும்பி வந்தது. ஜெர்மனியின் செஸ்பேஸ், நெதர்லாந்தின் நிக்பேஸ், ரஷ்யாவின் செஸ் அசிஸ்டென்ட் என்று ஒவ்வொரு மென்பொருளும் ஆட்டங்களைத் தனக்கே உரிய விதத்தில் சேமித்தது. ஒன்றில் பதிந்ததை மற்றொன்று அப்படியே படிக்காது. பதிந்து வைத்த உழைப்பு முழுவதும் ஒரு மென்பொருளின் ஆயுளோடு கட்டிப் போடப்பட்டிருந்தது.

1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் பொதுவான ஒரு முறையை வகுத்தார். பெயர் பி.ஜி.என். சாதாரண எழுத்துகளால் ஆன கோப்பு. மென்பொருளே இல்லாவிட்டாலும் கண்ணால் படிக்கலாம். காசு கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஆட்டத்துக்கு மேலே ஏழு வரிகள்: போட்டியின் பெயர், நடந்த இடம், தேதி, சுற்று, வெள்ளை ஆடியவர், கறுப்பு ஆடியவர், முடிவு. அதன் கீழே நகர்வுகள். அவ்வளவுதான்.

வரலாற்று வாத்தியாரான எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் ரொம்பப் பிடிக்கும். ஒன்று, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட வேண்டும் என்பது விதி. வருடம் தெரியும், நாள் தெரியாது என்றால் வருடத்தை எழுதிவிட்டு மற்றதுக்குக் கேள்விக்குறி. ஊகத்தை உண்மைபோல எழுத இடமில்லை. கல்வெட்டு படிப்பவர்களும் சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டுவார்கள். இரண்டாவது, பிறர் எழுதியதை வாங்கும்போது மென்பொருள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்; தான் எழுதிக் கொடுக்கும்போது விதியை இம்மியும் மீறக்கூடாது. மனிதருக்கும் பொருந்துகிற பாடம்.

பலன் என்ன? நாற்பது நகர்வுள்ள ஓர் ஆட்டம் ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஒரு பழைய ஃபிளாப்பியில் ஆயிரத்துக்கு மேல் ஆட்டங்கள். 1994-இல் மார்க் கிரவுதர் 'தி வீக் இன் செஸ்' என்ற பெயரில் வாராவாரம் போட்டி ஆட்டங்களை இலவசமாகத் தரத் தொடங்கினார். இன்று லிசெஸ் தளம் தன்னிடம் ஆடப்படும் ஆட்டங்களை மாதாமாதம் இதே முறையில் பொதுவில் வைக்கிறது.

1961-இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். அப்போது நல்ல ஆட்டங்களைப் பார்க்க, புத்தகம் இருக்கும் ஊரில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்ற ஆட்டத்தை, பூதப்பாண்டியில் இருக்கும் ஒரு பிள்ளை அன்று இரவே நகர்வு நகர்வாகப் பார்க்க முடிந்தது. திறமை பிள்ளையுடையது. ஆனால் அந்த வழியைத் திறந்து வைத்ததில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் எழுத்துமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி நம் காரியம். உலக ஆட்டங்கள் பத்திரம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உங்கள் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்கள் எங்கே? விதிப்படி ஆட்டம் எழுதிய தாள் போட்டி நடத்துபவருக்குச் சொந்தம். பிள்ளை கையில் மிஞ்சுவது நகல்தான். அதுவும் பைக்குள் கசங்கி, அடுத்த வருஷம் பழைய பேப்பரோடு போய்விடும். தோற்ற ஆட்டம் என்றால் அதைவிடச் சீக்கிரம். பிள்ளை அதிகம் கற்றுக்கொள்வது அதிலிருந்துதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள், மக்களே. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு நகர்வாக லிசெஸ்ஸில் பதியச் சொல்லுங்கள். முடிந்ததும் பி.ஜி.என். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஏழு வரியையும் நிரப்புங்கள். எதிராளியின் பெயர் மறந்துபோனால் கேள்விக்குறி போடுங்கள். கோப்பை ஓர் இடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

பதியும்போது சந்தேகம் வந்தால் கீழே கேளுங்கள். தெரிந்தவர்கள் நம் கூட்டத்திலேயே நிறைய இருக்கிறீர்கள், பதில் சொல்லிக் கொடுங்கள்.