படம் யாருக்குச் சொந்தம்?

1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னர், கடுகண்ணாவை மலைச்சரிவு வெள்ளைக்காரப் பயணிகளின் கண்ணுக்கு விருந்தாயிற்று. கண்டியில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருந்த சார்ல்ஸ் ஸ்கோவன் போன்றோர், மலையையும் தோட்டங்களையும் தோட்டத்து மக்களையும் படம்பிடித்து விற்றனர். அக்காலப் படங்கள் பலவற்றின் கீழே இனப்பெயர் உண்டு. நிற்பவரின் பெயர் இல்லை. மலையும் மனிதரும் அங்கே ஒரே சரக்கு.

விற்பனைக்கென எடுத்த படங்களின் கதை இது. வீட்டு விசேடத்திற்கு நாமே காசு கொடுத்து எடுப்பிக்கும் படம் யாருக்குச் சொந்தம்?

1888இல் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தமக்கென எடுப்பித்த படத்தை, எடுத்தவர் நத்தார் வாழ்த்து அட்டையாக்கிக் கடையிலே காட்சிக்கு வைத்தார். அது நம்பிக்கைத் துரோகம் எனக் கூறி நீதிபதி நோர்த் தடை விதித்தார். பின்னர் 1911ஆம் ஆண்டின் ஏகாதிபத்தியப் பதிப்புரிமைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, காசு கொடுத்து எடுப்பித்தவருக்கே உரிமை என்றது. 1912 முதல் இலங்கையிலும் அதுவே விதி.

இவ்விதியின் வர்க்க முகத்தை நாம் மறத்தலாகாது. கலியாணப் படத்திற்குக் காசு கொடுக்க வல்லவன் உரிமை பெற்றான். துரை தன் செலவில் தொழிலாளரை வரிசையாய் நிறுத்தி எடுப்பித்த படமோ, துரைக்கே உரியதாயிற்று.

இன்று நடப்பிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின் பொதுவிதி வேறு. படைத்தவரே முதல் உரிமையாளர். அவர் சம்பளத்திற்கு வேலை செய்பவராயின், உரிமை முதலாளியைச் சேரும். விடிய விடியக் கமராவுடன் நின்ற தொழிலாளிக்கும் அது இல்லை, மணமக்களுக்கும் இல்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ எடுப்பித்தவரையே முதல் உரிமையாளராக்கிற்று. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமையைப் படைத்தவருக்கு அளித்த போதிலும், வீட்டுத் தேவைக்கென எடுப்பித்த படத்தைப் பகிரங்கப்படுத்தாதிருக்கச் செய்யும் உரிமையை எடுப்பித்தவருக்குத் தனியே வழங்கிற்று.

காசு கொடுத்தவர் யார், படைத்தவர் யார் என்று பதிப்புரிமைச் சட்டம் மாறிமாறிக் கேட்டது. படத்தில் நிற்பவர் யார் என்று அது கேட்டதில்லை. நம் வீட்டுப் பெண்ணின் மணக்கோலம் அவளைக் கேளாமலே கடையின் விளம்பரமாவது இந்த மௌனத்தினாலேதான். முற்பணம் கொடுக்கும்போதே, 'சம்மதமின்றி வெளியிடுவதில்லை' என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதி வாங்குவோம். அது இன்றைக்கான காப்பு. நிற்பவரின் சம்மதத்தையே விதியாக்கும் சட்டத்தைக் கோருவது நம் கடமை. பெயரின்றி விற்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அக்கோரிக்கையை எழுப்ப நம்மைவிட உரியவர் யார்?