பெயரிட்ட பொருளும் பொறுப்பும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அறிஞர் பெருமக்கள், அன்னார் பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் விடாது பதிவு செய்துள்ளனர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் கிடைத்த வாளின் பெயர் துல்ஃபிகார். முதுகெலும்பின் கணுக்களைப் போன்ற வடுக்கள் அதில் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். எகிப்தின் முகவ்கிஸ் அன்பளிப்பாக அனுப்பிய கோவேறு கழுதை துல்துல், கழுதை உஃபைர், குதிரைகளுள் ஒன்று லுஹைஃப், தலைப்பாகை ஸஹாப், அதாவது மேகம். ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், ‘ஸாதுல் மஆத்’ நூலில் இவற்றைத் தனிப் பகுதிகளாகவே தொகுத்துள்ளார்கள்.

பாயில் உறங்கி, கிழிந்த ஆடையைத் தாமே தைத்து உடுத்திய ஒரு பெருமானார், தம்மிடமிருந்த சில பொருள்களுக்குப் பெயர் சூட்டி அழைத்தது ஏன்? இது வெறும் அரபு வழக்கம் என்று கூறிக் கடந்துவிடலாம். ஆயினும் அவ்வழக்கத்திலேயே நேரெதிரான இரு போக்குகள் இருந்தன என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அறியாமைக் கால அரபியரும் கால்நடைகளுக்குப் பெயரிட்டனர். திருக்குர்ஆனின் 5ஆவது அத்தியாயம், 103ஆம் வசனம் பஹீரா, ஸாயிபா, வஸீலா, ஹாம் என நான்கு பெயர்களைக் குறிப்பிட்டு, இவற்றை அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என மறுக்கிறது. பஹீரா என்பது காது கிழிக்கப்பட்ட ஒட்டகம். அதன் பால் சிலைகளுக்கென ஒதுக்கப்பட்டது, மக்கள் கறக்கலாகாது. ஸாயிபா தெய்வங்களின் பெயரால் அவிழ்த்து விடப்பட்டது. அதன்மீது சுமை ஏற்றலாகாது. இவ்விளக்கம் புகாரியில் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வாயிலாக வந்துள்ளது. பசித்த பயணி அருகிலேயே நின்றாலும் பஹீராவின் பால் அவனுக்கில்லை. ஒரு பெயரைச் சூட்டியதன் மூலம், படைத்தவன் மனிதர்க்கு வழங்கிய பயன் மனிதரிடமிருந்தே பறிக்கப்பட்டது.

இப்போது அண்ணலாரின் ஒட்டகங்களின் பெயர்களைப் பார்ப்போம். கஸ்வா என்றால் காது நுனி வெட்டப்பட்டது. அள்பா என்றால் காது பிளக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஒட்டகத்தின் பெயர்களா, அதன் காதில் உண்மையிலேயே வெட்டு இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சொற்பொருளை மட்டும் கொண்டாலும் ஓர் உண்மை புலப்படும். பஹீராவும் கஸ்வாவும் அள்பாவும் காதறுத்தலையே சுட்டுகின்றன. ஆனால் முன்னது சுமையும் சவாரியும் இன்றித் திரிந்தது. பின்னது பாலை வழியெங்கும் மனிதரைச் சுமந்தது.

அப்பெயருக்கு எந்தத் தனி ஆற்றலும் ஏற்றப்படவில்லை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவை நெருங்கியபோது கஸ்வா மண்டியிட்டது. அது முரண்டு பிடிப்பதாக மக்கள் கூறவே, அது அதன் இயல்பன்று, யானைப் படையைத் தடுத்தவனே இதையும் தடுத்தான் என்று அண்ணலார் விளக்கினார்கள். ஓட்டத்தில் முந்த முடியாததெனப் பெயர் பெற்றிருந்த அள்பாவைக் கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் வருந்தினர். இவ்வுலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்பதே அண்ணலார் அளித்த மறுமொழி. இவ்விரு செய்திகளும் புகாரியில் உள்ளன. அன்புக்குரிய பொருளானாலும் அது படைப்பே என்னும் தெளிவு அங்கே நிலவியது.

பெயரிடுதலின் நோக்கத்தை விளக்கும் சிறந்த சான்று, அபூதாவூதில் அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரளி) அறிவிக்கும் கர்ரா என்னும் உணவுத் தட்டு. வெண்மையானது, ஒளிமிக்கது என்பது அப்பெயரின் பொருள். அதைத் தூக்க நால்வர் வேண்டும். முற்பகல் தொழுகைக்குப் பின் குழம்பில் ஊறிய ரொட்டியுடன் அது கொண்டுவரப்படும். அனைவரும் சூழ்ந்து அமர்வர். ஒருமுறை கூட்டம் பெருகவே, பிறருக்கு இடம்விட்டு அண்ணலார் மண்டியிட்டு அமர்ந்தார்கள். இது என்ன அமர்வு என்று கிராமவாசி ஒருவர் வினவ, அல்லாஹ் தம்மை அடக்குமுறையாளராக ஆக்கவில்லை, கண்ணியமான அடியாராக ஆக்கினான் என்று விடையளித்தார்கள். பெயர் பெற்ற அத்தட்டு ஊரார் அனைவரும் கைவைக்கும் தட்டாக இருந்தது.

புத்தாடை அணியும்போது அதன் பெயரைச் சொல்லி, அதனை அணிவித்த இறைவனைப் புகழ்ந்து, அதன் நன்மையை வேண்டி, அதன் தீமையிலிருந்து பாதுகாவல் தேடுவது அண்ணலாரின் வழக்கம் என்று திர்மிதியும் அபூதாவூதும் பதிவு செய்துள்ளனர். பெயரைச் சொன்னதுமே அந்த ஆடை கணக்குக்கு உட்பட்ட ஓர் அமானிதமாகிவிடுகிறது.

இதே வினாவை நம் மண்ணின் வரலாற்றிலும் எழுப்பிப் பார்க்கலாம். சிதம்பரத்தில் வழிபடப்படும் நடராசருக்கு ஆடவல்லான் என்பது பழம்பெயர். 1010ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளில் இப்பெயர் வியப்புக்குரிய ஓர் இடத்தில் காணப்படுகிறது. நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். அது அரசனின் பட்டப்பெயரால் வழங்கிய இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் தெளிவாகப் பொறித்துள்ளனர். பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். மணிகளை நிறுத்த கல் தட்சிணமேரு விடங்கன்.

அப்பெயரின் சமயப் பின்னணி சோழருடையது. ஆனால் அது ஆற்றிய பணி நீதியைச் சார்ந்தது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டால் ஏமாறுபவன் எளியவனே. எந்த மரக்கால் என்று பெயர் சுட்டிக் கல்லில் வெட்டியபின், கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே அளவைக்குக் கட்டுப்பட்டனர். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை ஓதும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். எடைக்கு மக்காவின் எடையையும் அளவுக்கு மதீனாவின் அளவையும் அடிப்படையாக்கிய நபிமொழியும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றும் பெயருண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்து முஸ்லிம் வணிகரின் மரக்கலங்கள் அச்சே, கெடா, மலாக்கா வரை சென்றன. அக்காலக் கடலில் கப்பலின் பெயரே அதன் சாட்சி. போர்த்துகீசியர் வழங்கிய ‘கர்த்தாஸ்’ என்னும் கடவுச்சீட்டில் கப்பலின் விவரங்கள் எழுதப்பட்டன. அச்சொல்லே ஏட்டைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பர். பேரரசர் ஜஹாங்கீரின் தாயார் மர்யமுஸ் ஸமானிக்குச் சொந்தமான ‘ரஹீமி’ என்னும் கப்பல் அத்தகைய சீட்டை வைத்திருந்தும், 1613இல் சூரத் அருகே போர்த்துகீசியரால் கைப்பற்றப்பட்டது. பெயரெழுதித் தந்த வாக்கு மீறப்பட்டதை மொகலாய அரசு பெருங்குற்றமாகவே கருதியது.

இன்றும் கடலூர்த் துறைமுகத்துப் படகுகளிலும், நம் வீடுகளிலும், கடைகளிலும், ஊர்திகளிலும் பெயர்கள் மின்னுகின்றன. அவற்றுள் பல இறைநாமங்களையும் நல்லோர் பெயர்களையும் தாங்கியவை. இவ்வழக்கம் கூடுமா கூடாதா என்று மட்டுமே விவாதிக்கிறோம். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்டபோதே, நீ நன்மையோ தீமையோ செய்யவியலாத கல் என்று கூறிய உமர் (ரளி) அவர்களின் தெளிவு ஓர் எல்லையை வகுத்துத் தருகிறது. பெயருக்கு ஆற்றலை ஏற்றலாகாது. அந்த எல்லைக்குள் நின்று கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு. ‘ரஹ்மத்’ என்று பெயர் தாங்கிய கடையின் தராசு சரியாக நிற்கிறதா? ‘அமானத்’ என்று எழுதிய இல்லத்தில் பிறர் உரிமை பேணப்படுகிறதா? பெயரிட்ட பொருள் பஹீராவைப் போல மக்களிடமிருந்து விலக்கி வைக்கப்படுகிறதா, கர்ராவைப் போல அவர்கள் நடுவே வைக்கப்படுகிறதா என்பதே அப்பெயரின் பொருளைத் தீர்மானிக்கும்.