மணலில் புதையாத மட்டை: பங்கர் வெட்ஜின் பவுன்ஸ் வளர்ந்த வரலாறு

கோல்ஃப் மட்டைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் பந்தைத் தொடும் முகப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் சாய்வு எவ்வளவு, அதில் எத்தனை வரிப்பள்ளங்கள், பந்து எவ்வளவு சுழன்றது என்பவையே அவர்கள் அக்கறை. பங்கர் என்னும் மணற்குழியிலிருந்து பந்தை வெளியேற்றும் வெட்ஜுக்கு இந்தப் பார்வை போதாது. அங்கே நல்ல அடி விழும்போது முகப்பு பந்தைத் தொடுவதே இல்லை. மட்டை பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, பந்துக்கு அடியில் சறுக்கிச் செல்கிறது. எழும்பும் மணல்தான் பந்தைத் தூக்கி, இலக்குக் குழி இருக்கும் கிரீன் என்னும் புல்தரை மேல் போடுகிறது. ஆகவே இந்த மட்டையின் உண்மையான வரலாறு அதன் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது.

அந்த அடிப்பாகத்தின் முக்கிய அளவுதான் பவுன்ஸ். தண்டு செங்குத்தாக நிற்கும்படி வெட்ஜைத் தரையில் வைத்தால், முன்விளிம்பு தரையைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்கும். அடிப்பாகத்தின் பின்பகுதி தரையில் பதிந்திருக்கும். முன்விளிம்பிலிருந்து அந்தப் பின்பகுதி வரை இறங்கும் சரிவு தரையோடு உண்டாக்கும் கோணமே பவுன்ஸ். இன்றைய கடைகளில் 4 டிகிரி முதல் 14 டிகிரி வரை பவுன்ஸ் உள்ள வெட்ஜ்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. தொண்ணூறு, நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தேர்வு யாருக்கும் இருக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் கோல்ஃப் வளர்ந்த காலத்தில், இறகு அடைத்துத் தோலால் தைத்த பந்துகளே புழக்கத்தில் இருந்தன. அவை விலை உயர்ந்தவை. இரும்பு பட்டால் தோல் கிழிந்துவிடும். எனவே வண்டித்தடத்திலோ மணலிலோ பந்து மாட்டிக்கொண்டால் ஒழிய யாரும் இரும்பு மட்டையைக் கையில் எடுப்பதில்லை. 1848 வாக்கில் மலாய்த் தீவுகளின் மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. அது மலிவானது, இரும்படியையும் தாங்கியது. இரும்பு மட்டைகள் பெருகின. அவற்றுள் அதிகச் சாய்வு கொண்ட நிப்ளிக்தான் பல பத்தாண்டுகளுக்கு மணலில் ஆடும் கருவியாக இருந்தது.

நிப்ளிக்கின் குறை அதன் மெல்லிய அடிப்பாகம். கூரான முன்விளிம்பு ஏர்க்கொழுவைப் போல மணலுக்குள் இறங்கிக்கொண்டே போகும். பரம்புப் பலகையைப் போல மேலாக வழுக்கிச் செல்லும் பின்பகுதி அதற்கு இல்லை. எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் மணலைத் தொடாமல் பந்தை மட்டும் துல்லியமாகக் கொத்தி எடுக்க முயன்றார்கள். அரை அங்குலம் பிசகினாலும் பந்து குழிக்குள்ளேயே கிடக்கும், அல்லது கிரீனைத் தாண்டிப் பறந்துவிடும். அன்றைய ஆட்டக்காரர்களுக்குப் பங்கர் மீதிருந்த அச்சத்தில் பாதி, குழியைவிடக் கையிலிருந்த கருவியால் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

முதல் பெரிய மாற்றம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த எட்வின் கெர் மெக்லெய்ன் 1928இல் ஒரு மணல் வெட்ஜுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்பாகம் தடித்துப் பருத்திருந்தது. முகப்பு கரண்டியைப் போல உட்குழிந்திருந்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் வால்டர் ஹேகன் பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. 1930இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசிச் சுற்றில், 16ஆவது குழியருகே பங்கரில் சிக்கிய பாபி ஜோன்ஸ், இவ்வகை மட்டை ஒன்றால் பந்தைக் கொடிக்கு மிக அருகே நிறுத்தினார். அந்தப் போட்டியை அவர் இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் அவர் கைப்பற்றியதில் இந்த ஓர் அடிக்கும் பங்கு உண்டு.

ஆனால் உட்குழிந்த முகப்பில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே வீச்சில் அது பந்தை இருமுறை தொட்டுவிடக் கூடும். அடுத்த ஆண்டே குழிந்த முகப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. இந்தத் தடையை ஒரு பின்னடைவாகவே பலர் எழுதியிருக்கிறார்கள். அது தவறான கணிப்பு. தடை முகப்புக்குத்தான் விதிக்கப்பட்டது. கனத்த அடிப்பாகத்தை யாரும் தடுக்கவில்லை. மட்டை செய்பவர்களின் கவனத்தை முகப்பிலிருந்து அடிப்பாகத்துக்குத் திருப்பியதே அந்தத் தடைதான்.

திரும்பிய கவனத்துக்குப் பலன் கொடுத்தவர் ஜீன் சராசன். இத்தாலியக் குடும்பத்தில் 1902இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, யூஜினியோ சராசெனி என்ற இயற்பெயரைச் சுருக்கிக்கொண்டவர். ஏற்கெனவே பட்டங்கள் வென்றிருந்தாலும் மணல் ஆட்டம் அவருக்குக் கைவரவில்லை. விமானி ஹோவர்ட் ஹியூஸுடன் விமானத்தில் ஏறியபோது, விமானத்தின் வால்பகுதி தாழ்ந்தால் மூக்கு மேலெழுவதைக் கவனித்ததாகவும், மட்டையின் பின்புறத்தையும் அப்படித் தாழ்த்தினால் முன்விளிம்பு மணலில் புதையாதே என்று தோன்றியதாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். ஃபுளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில் தங்கியிருந்தபோது ஒரு நிப்ளிக்கை எடுத்து, அதன் அடிப்பாகத்தின் பின்புறத்தில் ஈயப் பற்றுவைத்தார். மணலில் அடித்துப் பார்ப்பது, அரத்தால் ராவுவது, மறுபடி பற்றுவைப்பது என்று அந்த வேலை நீண்டது. பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்து நிற்கும் மட்டை ஒன்று கடைசியில் உருவானது. முகப்பு தட்டையாகவே இருந்ததால் விதி குறுக்கே வரவில்லை.

1932இல் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலுள்ள பிரின்ஸஸ் மைதானத்துக்குப் போனார். அதிகாரிகள் பார்த்தால் தடை விதித்துவிடுவார்களோ என்ற பயத்தில், பயிற்சி நாட்களில் மட்டையைப் பையில் தலைகீழாகச் செருகி வைத்தாராம். போட்டி முடிவில் 283 அடிகளுடன் ஐந்து அடி முன்னிலையில் ஓப்பன் பட்டம் அவருடையதானது. அதே மாதம் ஃப்ரெஷ் மெடோவில் நடந்த அமெரிக்க ஓப்பனையும் கடைசிச் சுற்றில் 66 அடித்து வென்றார். வில்சன் நிறுவனம் அந்த வடிவத்தை ஆர்-90 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 71 வயதில், 1973ஆம் ஆண்டு ட்ரூனில் நடந்த ஓப்பனில், 8ஆவது குழியை முதல் நாள் ஒரே அடியில் முடித்த சராசன், மறுநாள் அதே குழியில் பங்கருக்குள் விழுந்த பந்தை அங்கிருந்தே நேராகக் குழியில் போட்டார்.

சராசனைத் தனி ஒருவராகக் கண்டுபிடிப்பாளர் பீடத்தில் ஏற்றுவது சரியாகாது. தடித்த அடிப்பாகம் மெக்லெய்னிடமே இருந்தது. அந்தத் தடிப்பைக் கோணமாக மாற்றியதும், அந்தக் கோணத்தை மணலில் அடித்தடித்துத் திருத்தியதும் சராசனின் பங்கு. அந்தப் பங்கே பெரியதுதான்.

அடுத்த அரை நூற்றாண்டில் அடிப்படை அதிகம் மாறவில்லை. 1938இல் அமெரிக்காவிலும் மறு ஆண்டு பிரிட்டனிலும் பையில் 14 மட்டைகளே இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. பெரும்பாலோர் ஒரே ஒரு மணல் வெட்ஜோடு நின்றுகொண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் பயிற்சியாளர் டேவ் பெல்ஸின் ஆலோசனைப்படி 60 டிகிரி சாய்வுள்ள வெட்ஜைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார் டாம் கைட். 1981இல் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் பரிசுப்பணத்தில் முதலிடம் பிடித்தார். அதன் பிறகு பைக்குள் மூன்று, நான்கு வெட்ஜ்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பவுன்ஸ் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் தந்தவர் கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த பாப் வோக்கி. 1996இல் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தில் சேர்ந்த அவர், தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேட்டபடி அடிப்பாகத்தைச் செதுக்கிக் கொடுத்தார். குதிகால் பக்கம், பின்விளிம்பு என்று வேண்டிய இடங்களில் உலோகத்தைக் குறைக்கும் இந்த வேலைக்கு கிரைண்ட் என்று பெயர். வெட்ஜில் 56.10 என்று பொறித்திருந்தால் 56 டிகிரி சாய்வு, 10 டிகிரி பவுன்ஸ் என்று பொருள்.

பொறித்த எண்ணை மட்டும் நம்பி வாங்குவதில் ஆபத்து இருக்கிறது. கைப்பிடியை 5 டிகிரி முன்னால் சாய்த்து அடித்தால் 10 டிகிரி பவுன்ஸ் 5 ஆகக் குறைந்துவிடும். முகப்பைத் திறந்து பிடித்தால் பவுன்ஸ் கூடும். அடிப்பாகம் அகலமானால், எண் சிறியதாக இருந்தாலும் மட்டை புதையாமல் சறுக்கும். செங்குத்தாக இறக்கி அடிப்பவருக்கு அதிகப் பவுன்ஸ் துணை நிற்கும். தாழ்வாக வாரி அடிப்பவருக்கு அதே அளவு தொல்லையாகும்.

மணலும் ஒரே மாதிரி இல்லை. அகஸ்டா நேஷனல் மைதானத்தின் வெள்ளை மணல், வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் பகுதியில் ஃபெல்ஸ்பார் சுரங்கங்களில் உபரியாகக் கிடைக்கும் குவார்ட்ஸ். மெல்பர்ன் மணல்பட்டை மைதானங்களிலோ பங்கரின் அடித்தளம் இறுகியிருக்கும். மேலே மெல்லிய மணல்தான். இத்தகைய இறுகிய தரையில் 14 டிகிரி பவுன்ஸ் மட்டை எகிறி, முன்விளிம்பு பந்தின் நடுவில் மோதும். ஆழமான, பொலபொலத்த மணலில் 4 டிகிரி மட்டை புதைந்து நின்றுவிடும். பந்து பாதி புதைந்து கிடந்தால் கணக்கே தலைகீழாகிறது: அங்கே முகப்பை மூடி, முன்விளிம்பை வேண்டுமென்றே தோண்டவிட வேண்டும்.

ஸ்பெயினின் பெட்ரெனியா கடற்கரையில் ஒரே ஒரு 3ஆம் எண் இரும்பு மட்டையால் ஆடக் கற்றுக்கொண்ட செவே பாயெஸ்டெரோஸ், கருவியின் குறையைக் கை ஈடுசெய்ய முடியும் என்று காட்டினார். அந்தக் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வார இறுதிகளில் மட்டும் ஆடுபவர் முதலில் தம் மைதானத்தின் பங்கரில் காலைப் பதித்துப் பார்க்கட்டும். கால் எளிதாக இறங்கினால் 12 டிகிரிக்கு மேல் பவுன்ஸும் அகன்ற அடிப்பாகமும் உள்ள மட்டையையும், இறுக்கம் தட்டுப்பட்டால் 8 டிகிரிக்கு உட்பட்டதையும் தேடலாம். பல மைதானங்களில் ஆடுபவருக்கு 56 டிகிரி சாய்வும் 10 டிகிரி பவுன்ஸும் கொண்ட நடுத்தர வெட்ஜ் பெரும்பாலும் கைகொடுக்கும். எதுவானாலும் கடையின் செயற்கைப் புல்விரிப்பில் சோதித்துவிட்டு வாங்க வேண்டாம். இரவல் பெற்றாவது உங்கள் மைதானத்து மணலில் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.