குடிக்கூலி

வீட்டு வாடகைக்குத் தமிழில் பழைய சொல் குடிக்கூலி. வடமாவட்டப் பேச்சில் குடக்கூலி. ‘குடி’ வீட்டையும் குறிக்கும், அதில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். ‘கூலி’ பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் பணம். ‘வாடகை’ வடமொழி வழி வந்தது. அதில் குடும்பம் இல்லை.

போளூரில் வாடகை வீட்டில் பட்டு நெய்பவருக்குக் குடியிருக்கும் வீடேதான் தறிக்கூடம். குழித்தறி என்றால் தரையைத் தோண்டி, குழியில் காலை விட்டு மிதிப்பது. காலி செய்யச் சொன்னால் சட்டி பானையோடு குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை கேட்டு மனுப்போட வழி இருந்தது. 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கி, வாடகையை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி வீட்டுக்காரர் வெளியேற்றவும் கேட்கலாம். வாய்ச்சொல்லை நம்பிக் குடிவந்தவர்களுக்கு இது அநியாயம். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.