முப்பது காத நடையும் ஒரு வேளைச் சாப்பாடும்

"உடம்பு பெருத்துவிட்டது, நாளை முதல் காலையில் நடக்கப் போகிறேன்" என்று தீர்மானிப்பவர்களை அடுத்த நிமிடமே ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது. இனிமேல் வாய்க்கு ருசியாக எதையும் தொட முடியாதே என்பதுதான் அது. காய்கறிச் சாப்பாடு என்றாலே பத்தியச் சாப்பாடு, நோயாளிக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. நீங்களும் அப்படி எண்ணுபவரானால், பூம்புகாரில் புறப்பட்டு மதுரையில் முடிந்த ஒரு நடையைப் பற்றியும், அந்த நடைக்குப்பின் பரிமாறப்பட்ட ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றியும் கேளுங்கள். கோவலனும் கண்ணகியும் நடந்த நடையைத்தான் சொல்கிறேன். கதையின் சோகம் நமக்கெல்லாம் தெரியும். அந்தச் சாப்பாட்டை ஒருமுறை விஞ்ஞானக் கண்ணோடு பார்ப்போம்.

சிலப்பதிகாரம் எழுதப்பட்ட காலம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு. 5ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் பின் என்பாரும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு அதை அச்சில் வெளியிட்ட நாள்முதல் இந்த வாதம் ஓயவில்லை. நமக்கு அந்த வாதம் வேண்டாம். நடந்தது கதையே ஆனாலும், அதில் வரும் காய்களும் கனிகளும் சோறும் அந்தக் காலத்துத் தமிழர் அறிந்தவை. புலவர் தம் வாசகருக்குத் தெரியாத காயை அரிவாள்மணையில் வைத்திருக்க மாட்டார்.

நாளுக்கு ஒரு காதம்

கண்ணகி பெருஞ்செல்வரான மாநாய்கனின் மகள். நடந்து பழகாதவள். புகாரை விட்டு வைகறையில் வெளியேறி, காவிரியின் வடகரையோடு மேற்கே ஒரு காதம் நடந்தவுடனேயே, "மதுரை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறாள். முப்பது காதம் என்று சொல்லும்போது கோவலனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. பிறகு கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியும் உடன்வர, நாளுக்கு ஒரு காதத்துக்கு மேல் போகாமல், இடையிடையே தங்கித் தங்கி மூவரும் நடக்கிறார்கள்.

காதம் என்னும் அளவுக்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நாமே ஒரு கணக்குப் போடுவோம். பூம்புகாரிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு இன்றைய சாலையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். முப்பதால் வகுத்தால், காதம் ஒன்றுக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓர் ஆள் நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரத்து நடை. பழக்கமில்லாதவரை முதல் நாளே ஓடவிடாமல், தாங்கக்கூடிய அளவை நாள்தோறும் தவறாமல் நடக்கச் செய்யும் இந்த முறையை இன்றைய உடற்பயிற்சி ஆசிரியர் எவரும் குறை சொல்ல மாட்டார். மதுரையை நெருங்கும்போது வெயிலின் கொடுமை தாங்காமல் நிலவொளியில் நடக்கிறார்கள். இதுவும் சரியான காரியமே. வெப்பத்தில் நடக்கும்போது இருதயம் தசைகளுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும், வேலை இரட்டிப்பாகிறது.

இந்த நடைக்கு எவ்வளவு சக்தி செலவாகும்? சமதரையில் நடக்கும் ஒருவர், தம் எடையில் கிலோ ஒன்றுக்கு, கிலோமீட்டர் ஒன்றுக்கு, முக்காலிலிருந்து ஒரு கிலோகலோரி வரை செலவிடுகிறார். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் பத்து கிலோமீட்டர் நடந்தால் 375 முதல் 500 கிலோகலோரி. அரிசிக் கணக்கில் சொன்னால் நூறு கிராமுக்குச் சற்று மேலிருந்து நூற்று நாற்பது கிராம் வரைதான். நாள் முழுதும் நடந்து தீர்த்ததை நாலு கரண்டிச் சோறு ஈடுகட்டிவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். "தினமும் நடக்கிறேன், எடை குறையவே இல்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாதரி கொடுத்த காய்கள்

மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குலப் பெண்ணின் வீட்டில் கண்ணகி அடைக்கலமாகிறாள். கோவலன் சமண நெறியைப் பின்பற்றும் இல்லறத்தான். ஆகவே அவனுக்கு ஏற்ற உணவு சமைக்கப் பாத்திரங்களோடு பொருள்களும் வருகின்றன. பட்டியலைப் பாருங்கள்: பலாக்காய், வரியுள்ள வளைந்த வெள்ளரிக்காய், பிஞ்சு மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி நெல்லின் அரிசி, வீட்டுப் பாலிலிருந்து கிடைத்த பொருள்கள். இவ்வளவுதான். கிழங்கு ஒன்றுகூட இல்லை. நிலத்தைத் தோண்டி எடுப்பவற்றைச் சமணர் விலக்குவது இன்றும் உள்ள வழக்கம். ஏழு பொருள்களில் அரிசி ஒன்று. காயும் கனியுமாக ஐந்து.

பலாவை இங்கே புலவர் பூவாமல் காய்க்கும் மரம் என்னும் பொருள்படும் பழைய சொல்லால் குறிக்கிறார். உண்மையில் பலா பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் மிகச் சிறியவை. நூற்றுக்கணக்கில் நெருங்கி ஒரே கதிராகத் திரண்டிருப்பதால் பூவென்று நம் கண்ணுக்குப் படுவதில்லை. நாம் தின்னும் ஒவ்வொரு சுளையும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது. சுளைகளுக்கு இடையே இருக்கும் சடை, கருவுறாமல் போன பூக்களின் மிச்சம்.

மாதுளங்காயைச் சமைப்பதா என்று கேட்பீர்கள். அதற்கும் விடை இருக்கிறது. புகாரைப் பாடும் பட்டினப்பாலையின் ஆசிரியரான கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர். அதில் அந்தணர் வீட்டு உணவு ஒன்று வருகிறது: மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்தது, தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாய். தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் இவ்வளவு பழையதும் இவ்வளவு தெளிவானதும் வேறு ஏதேனும் இருந்தால் நான் கண்டதில்லை.

மிளகாய் எங்கே? இல்லை. தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவையும் இல்லை. இவை யாவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1492க்குப் பிறகு ஐரோப்பியர் கப்பல்களில் உலகெங்கும் பரவி நம்மிடம் வந்தவை. மிளகாய் என்ற சொல்லிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். 'கறி' என்ற சொல்லே பழந்தமிழில் மிளகைக் குறித்தது. புகார்த் துறைமுகத் தெருக்களில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. தஞ்சைப் பகுதியில் திவசச் சமையல் செய்யும் வீடுகளில் இன்றைக்கும் மிளகாயும் தக்காளியும் உருளையும் அடுப்பருகே வருவதில்லை. மிளகு, சீரகம், வாழைக்காய், புடலை, அவரை என்றே நடக்கும். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய சமையலை ருசி பார்க்க விரும்புபவர்கள் அந்தப் பந்தியில் உட்காரலாம்.

புகார் சைவ ஊர் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். சுட்ட இறாலும் புழுங்கிய ஆமையும் தின்றுவிட்டு, கடற்கரை மணலில் கைகளாலும் படைக்கலங்களாலும் மோதிப் பழகிய பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உடற்பயிற்சி அந்த ஊருக்குப் புதிதல்ல. பயிற்சிக்கும் உணவுக்கும் பல வழிகள் இருந்தன. கண்ணகியுடையது அவற்றுள் ஒன்று.

குன்னூரில் எலிகள் சொன்னது

அந்தப் பட்டியலை இன்றைய விஞ்ஞானம் எப்படி மதிப்பிடும்? இதற்கு நீலகிரிக்குப் போக வேண்டும். 1918ஆம் ஆண்டு குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் சிறிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1920களில் மெக்காரிசன் இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசியில் நின்றன.

அரிசி கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தீட்டிய அரிசியே வயிற்றை நிரப்ப, பாலும் பச்சைக் காய்களும் பெயரளவில் இருந்ததுதான் குறை. மாதரியின் பட்டியலில் அரிசிக்குப் பக்கத்தில் இருப்பவை அந்த இரண்டுமே என்பதைக் கவனியுங்கள். நெல்லைப் புழுக்கும் வழக்கமும் தமிழ்நாட்டைப் பெரிதும் காத்திருக்கிறது. புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட நம் பகுதி பெரும்பாலும் தப்பியது இதனால்தான்.

இன்று டெல்டாவில் பிரச்சினை வேறு. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுத் தூக்கி, களத்தில் அடித்த உடம்புக்குச் சோற்று மலை தேவைப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கடும் உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கிலோகலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,110 போதும். இடைவெளி ஏறத்தாழ 400 கிராம் அரிசி! அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. வயலுக்குப் போவதே மோட்டார் சைக்கிளில். இலையில் சோறு மட்டும் தாத்தா காலத்து அளவில் விழுகிறது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான பெரிய ஆய்வு கூறியது. இதில் உணவுக்கும் உழைப்புக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளிக்குப் பங்கு உண்டு.

உங்கள் அடுப்பில்

நீங்கள் நாளுக்கு ஒரு காதம் நடக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்த நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. காயும் கனியும் நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை; கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா.

பலாப்பிஞ்சு கிடைக்கும் பருவத்தில் இதைச் செய்து பாருங்கள். கையிலும் அரிவாள்மணையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. தோல் சீவி, துண்டு போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, கொஞ்சம் தண்ணீரில் மூடி வேகவையுங்கள். வெந்ததை நசுக்கி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, புதிதாகப் பொடித்த மிளகைத் தூவி இறக்குங்கள். நாலு பேருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை வேகவைக்கவே வேண்டாம், நறுக்கிக் கடைந்த தயிரில் போட்டால் பச்சடி. காயைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சி வைட்டமின் தண்ணீரோடு போய்விடும்.

கண்ணகி பழக்கமில்லாத கையால் காய் நறுக்கி, விரல் சிவந்து, முகம் வியர்த்து, கண்ணும் சிவந்து சமைக்கிறாள். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். வாழையின் இளங்குருத்தை விரித்து, கோவலனை உண்ண அழைக்கிறாள் கண்ணகி. அவள் கையால் அவன் உண்ட கடைசிச் சாப்பாடு அது. இலையில் எது முதலில் விழுந்தது என்று புலவர் சொல்லவில்லை. காவிரிக் கரையில் இன்றும் இலையின் மேற்பாதியில் பச்சடியும் கூட்டும் கறியும் வைத்த பிறகே கீழ்ப்பாதிக்குச் சோறு வருகிறது. காய்கறியை முதலில் உண்டு மாவுப் பொருளைப் பின்னால் உண்டால், சாப்பாட்டுக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த முறை பந்தியில் உட்காரும்போது, சோற்று வாளி வருவதற்குள் மேற்பாதியைக் காலி செய்துவிட்டு, இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.