மெரிற் பார்க்வே: சிக்கனம் ஈன்ற அழகு

நெடுஞ்சாலையொன்றை வரலாற்றுச் சின்னமாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விரைந்து கடப்பதற்கும் கடந்தபின் மறப்பதற்கும் உரியதாகவே அதனைக் கருதுகின்றோம். இதற்கு விலக்காக அமைந்தது அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்திலுள்ள மெரிற் பார்க்வே.

நியூயோர்க்கிலிருந்து பொஸ்ரன் செல்லும் பழைய அஞ்சல் வீதியின் நெரிசலைக் குறைக்கவே 1934இல் இவ்வீதியின் வேலைகள் ஆரம்பமாகின. 1938இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது. 1940இல், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்தில், வீதி முழுமை பெற்றது. ஆயினும் எதிர்ப்பும் இருந்தது. நியூயோர்க் நகரத்தவர் கூட்டங்கூட்டமாக வந்து தமது ஊரின் அமைதியைக் குலைத்துவிடுவர் என்று கிறெனிச் பகுதிச் செல்வந்தர்கள் அஞ்சினர். எனவே லொறிகளுக்குத் தடை விதித்து, இருமருங்கும் மரங்கள் நாட்டி, வீதியைப் பூங்கா போல் அமைக்க வேண்டியதாயிற்று.

அயலிலுள்ள வெஸ்ற்செஸ்ரர் மாவட்டத்துப் பார்க்வே பாலங்களுக்குக் கல் முகப்பு பதித்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் கனெக்ரிக்கட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. மலிவான கொங்கிறீற்றே தெரிவாயிற்று. வெறும் கொங்கிறீற்றுக்கு அழகூட்டும் பொறுப்பு ஜோர்ஜ் டன்கல்பேர்கரிடம் வந்து சேர்ந்தது. கட்டடக் கலைஞரான அவர், தொழில் நலிந்த அக்காலத்தில் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் வரைவாளராகச் சேர்ந்தவர்.

ஏறத்தாழ 70 பாலங்களுக்கு அவர் வடிவம் கொடுத்தார். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. 1925ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியிலிருந்து பெயர்பெற்ற ஆர்ட் டெக்கோ பாணியின் நேர்கோடுகளும் படிக்கட்டு வடிவங்களும் பல பாலங்களில் உள்ளன. சிலவற்றில் கிரேக்க, உரோம மரபின் சாயல். வேறு சிலவற்றில் கோதிக் சாயல். மேர்வின்ஸ் லேன் பாலத்தின் இரும்புக் கைப்பிடியில் சிலந்தி வலையும் வண்ணத்துப்பூச்சிகளும் காணப்படுகின்றன. லேக் அவெனியூ பாலத்தின் வார்ப்பிரும்பு வளைவுகளில் கொடிகள் படர்கின்றன. ஸ்ராற்போர்ட்டிலுள்ள பாலமொன்று சிறகு விரித்து நிற்கின்றது.

அரண்மனைக்கும் வங்கிக்கும் உரியதாயிருந்த அலங்காரம், காரில் செல்லும் எவரும் ஓரிரு கணங்கள் காணக்கூடிய பொதுச் சொத்தாயிற்று. வசதி குறைந்தபோது கலையையும் குறைத்துக்கொள்வதே அரசாங்கங்களின் வழக்கம். இங்கோ செலவைக் குறைப்பதற்காகத் தெரிந்தெடுத்த பொருளே கலையின் ஊடகமாக மாறியது.

இவ்வீதி 1991இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆயினும் 2010இல், ஆபத்தை எதிர்நோக்கும் மரபுச் சின்னங்களுக்கான உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலிலும் அதன் பெயர் வந்தது. கொங்கிறீற் வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். பழுது பார்க்கும்போது அலங்காரத்தைத் தேவையற்ற செலவென எண்ணுவது எளிது. மந்தக் காலத்திலேயே கைவிடாத ஒன்றைச் செழிப்புக் காலத்தில் கைவிட்டால், வரலாறு அதனைச் சிக்கனம் என்று எழுதாது.